டச்சு பேச வேண்டாம், படிக்கத் தெரிந்தால் போதும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் வரலாறு, தத்துவம், சமயவியல் படிக்கும் முதுகலை மாணவர்களுக்கு டச்சு மொழியை விருப்பப் பாடமாக வைக்க வேண்டும் என்று கேட்டு இந்தக் கடிதத்தை எழுதுகிறோம். கடையில் விலை கேட்கவும் வேலைக்கு விண்ணப்பிக்கவும் உதவும் டச்சைக் கேட்கவில்லை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தைப் பிழையில்லாமல் படித்துப் பொருள் சொல்லும் திறமை மட்டும் போதும். இரண்டு செமஸ்டர், ஒவ்வொன்றிலும் 60 மணி நேரம் ஒதுக்கினால் இது நடக்கும். பேச்சும் எழுத்தும் சேர்த்துக் கற்பிக்கப் போனால் இந்த நேரம் அறிமுகம் செய்துகொள்ளவும் வழி கேட்கவும்தான் சரியாக இருக்கும்.

வேலூருக்கும் டச்சுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம். 1610ல் பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் காலூன்ற அனுமதி கொடுத்தவர், சந்திரகிரியிலும் வேலூரிலும் இருந்து ஆண்ட விஜயநகர மன்னர் வேங்கடபதி ராயர். அவர் 1614ல் இறந்ததும் எழுந்த வாரிசுப் போர், வேலூர்க் கோட்டை பீஜப்பூர்க்காரர் கைக்குப் போனது, 1677ல் சிவாஜி படையோடு வந்து கோட்டையை முற்றுகையிட்டது, மறு ஆண்டு அது மராத்தியர் வசமானது என்று அந்த நூற்றாண்டு முழுவதும் நம் ஊரில் நடந்தவற்றைக் கடற்கரையில் இருந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கவனித்துக்கொண்டே இருந்தார்கள். சிவாஜியை நேரில் சந்தித்துப் பேசக் கம்பெனி அனுப்பிய ஹெர்பர்ட் டி யாகர் படித்த அறிஞர். அவர்கள் இவ்வளவு கவனித்ததற்குக் காரணம் எளியது. உள்நாட்டில் சண்டை என்றால் நெசவாளர் ஊரைக் காலி செய்வார்கள், துணி கடற்கரைக்கு வராது, கப்பல் பாதிச் சரக்கோடு கிளம்பும். அதற்கான விளக்கத்தைக் கம்பெனியின் ஆசியத் தலைமையிடமான பட்டாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) ஆமஸ்டர்டாமுக்கும் எழுதியாக வேண்டும். அப்படி எழுதிய கடிதங்களில்தான் நம் நாயக்கர்களும், பாளையக்காரர்களும், செட்டிகளும், நெசவாளர்களும் இருக்கிறார்கள். பழவேற்காட்டிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட ஏழைத் தமிழர்களின் கணக்கும் அவற்றில்தான் இருக்கிறது. நம் கல்வெட்டுகள் அவர்களைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

கம்பெனி 1602ல் தொடங்கி 1799ல் முடிந்தது. அதன் ஆவணங்களின் பெரும்பகுதி நெதர்லாந்தின் தி ஹேக் நகரத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளது. நம் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் டச்சுத் தொகுதிகள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை கொச்சியிலிருந்து வந்தவை. 2003ல் யுனெஸ்கோ தன் உலக நினைவகப் பட்டியலில் இந்த ஆவணங்களைச் சேர்த்தபோது சென்னையில் உள்ளவற்றையும் சேர்த்தே அங்கீகரித்தது. இப்போது நிலைமை இன்னும் மாறிவிட்டது. தி ஹேக் ஆவணங்களில் சுமார் 50 லட்சம் பக்கங்களைக் கணினியே கையெழுத்திலிருந்து அச்செழுத்தாக மாற்றி, யாரும் இணையத்தில் தேடிப் பார்க்கும்படி குளோபலைஸ் என்ற திட்டத்தினர் வைத்திருக்கிறார்கள். காட்பாடியில் இருக்கும் மாணவி விமானச் செலவு இல்லாமல் அவற்றைத் திறந்து பார்க்கலாம். திறந்தபின் படிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் குறை.

யாழ்ப்பாணத் தமிழரான சின்னப்பா அரசரத்தினம் டச்சு ஆவணங்களைப் படித்துத்தான் இலங்கையில் டச்சு ஆட்சியைப் பற்றியும், சோழமண்டலக் கரை வணிகர்களைப் பற்றியும் எழுதினார். அந்த வழியில் பின்தொடர்ந்த தமிழர்கள் மிகக் குறைவு. கேரள அரசு நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தோடும் தி ஹேக் காப்பகத்தோடும் சேர்ந்து மலபார், அதாவது கேரளக் கரை, ஆவணங்களுக்கென்றே ஒரு திட்டத்தைத் தொடங்கிவிட்டது. சோழமண்டலக் கரைக்கும் அப்படி ஒன்று வர வேண்டாமா?

இனி, எப்படிக் கற்பிப்பது என்பதற்கு வருகிறோம். பாடத்திட்டக் குழுவினர் கவனிக்க வேண்டியது இந்தப் பகுதிதான்.

முதல் முடிவு, தமிழ் வழியாகக் கற்பிப்பது. டச்சு ஆங்கிலத்துக்கு உறவுமுறை மொழி என்பதால் ஆங்கிலம் வழியாகவே போகலாம் என்று தோன்றும். சொற்களைப் பொறுத்தவரை அது பாதி உண்மை. வாக்கிய அமைப்பில் தமிழ் மாணவருக்கே கூடுதல் வசதி இருக்கிறது. டச்சில் தனி வாக்கியம் என்றால் வினைச்சொல் இரண்டாம் இடத்தில் நிற்கும். துணை வாக்கியம் என்றால் வினைகள் எல்லாம் கடைசிக்குப் போய்விடும். 'வணிகன் துணியைப் பழவேற்காட்டுக்கு அனுப்பியிருக்கிறான்' என்பதுபோல் வினைக்காக வாக்கியத்தின் கடைசி வரை காத்திருப்பது நமக்குப் பிறவிப் பழக்கம். ஆங்கிலத்தில் யோசிக்கும் மாணவர் நடுவிலேயே வினையைக் கற்பனை செய்துகொண்டு தவறாகப் போவார்.

ஆகவே ஒவ்வொரு வாக்கியத்தையும் இந்த வரிசையில் படிக்கப் பழக்க வேண்டும். முதலில் இரண்டாம் இடத்து வினையைக் கண்டுபிடித்து அடிக்கோடிடுவது. அடுத்து நேராக முற்றுப்புள்ளிக்குப் போய், கடைசியில் என்ன நிற்கிறது என்று பார்ப்பது. அதன்பிறகுதான் நடுவில் உள்ளதைப் படிப்பது. கடைசியில் நிற்பது சில நேரம் ஒரு சின்னச் சொல்லாக இருக்கும். 'ஆன்கோமன்' என்றால் வந்து சேர்தல். கப்பல் நாளை வந்து சேரும் என்னும்போது 'கோமன்' பகுதி இரண்டாம் இடத்தில் 'காம்ட்' என்று நிற்கும், 'ஆன்' மட்டும் வாக்கியத்தின் கடைசியில் தனியாகக் கிடக்கும். இரண்டையும் சேர்த்து அகராதியில் தேடாதவருக்கு வெறும் 'வருகிறது' என்ற பொருள்தான் கிடைக்கும். இந்த எடுத்துக்காட்டில் நட்டம் குறைவு. வேறு வினைகளில் பொருளே மாறிப்போகும்.

பால் பிரிவைப் பற்றிப் பேசக் கற்பவர்கள் படும் பாடு படிப்பவருக்கு வேண்டியதில்லை. பெயருக்கு முன்னால் 'டெ' வரும் சொல் எது, 'ஹெட்' வரும் சொல் எது என்று மனப்பாடம் ஆக வேண்டாம். ஒரே ஓர் இடத்தில் மட்டும் அது உதவும். பெயரெச்சம்போல் வரும் தொடரில் 'டீ' என்று தொடங்கினால் அது 'டெ' வகைப் பெயரையோ பன்மையையோ குறிக்கும், 'டாட்' என்று தொடங்கினால் 'ஹெட்' வகை ஒருமையைக் குறிக்கும். எந்தப் பெயரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று குழம்பும்போது இதை வைத்துத் தீர்க்கலாம்.

அகராதியில் சொல் கிடைக்காமல் போவதற்கு எழுத்து முறையே பெரும் காரணம். கடிதம் என்பது ஒருமையில் 'ப்ரீஃப்', பன்மையில் 'ப்ரீவன்'. ஒருமையில் எஃப், பன்மையில் வி. அதேபோல் எஸ் இருந்த இடத்தில் இஸட் வரும். ஒருமையில் இரட்டையாக எழுதும் நெடில் உயிர் பன்மையில் ஒற்றையாகும், குறில் உயிருக்குப் பின்னால் மெய் இரட்டிக்கும். இந்த நான்கையும் முதல் வாரத்திலேயே பலகையில் எழுதிப் பழக்கிவிட வேண்டும். எண்களில் ஒன்றாம் இடம் முன்னால் வரும். 24 என்பதை 'நாலும் இருபதும்' என்று சொல்வார்கள். எழுத்தால் எழுதிய தொகையை அவசரமாகப் படித்தால் 42 ஆகிவிடும்.

ஆங்கிலம் அறிந்தவரை ஏமாற்றும் சொற்களுக்குத் தனிப் பட்டியல் தேவை. 'வாண்ட்' என்றால் ஏனெனில். 'ஆஃப்' என்றால் அல்லது. 'வெட்' சட்டம், 'ஸ்லிம்' புத்திசாலி, 'லிஸ்ட்' தந்திரம், 'ட்ராப்' படிக்கட்டு. முதல் இரண்டும் ஒவ்வொரு பக்கத்திலும் வருபவை. அவற்றில் தவறினால் வாதத்தின் போக்கே திரும்பிவிடும்.

முதல் செமஸ்டரில் சுமார் 2,000 அடிப்படைச் சொற்களும் இன்றைய டச்சு உரைநடையும் போதும். வாரம் ஒரு நாள் நூறு வரி படிப்பதைவிட நாள்தோறும் 15 வரி நல்லது. நோட்டில் மூன்று வரியாக எழுத வேண்டும்: மேலே மூலம், நடுவில் அந்த வாக்கியத்தின் வினைகள் மட்டும், கீழே தமிழ். ஆசிரியர் திருத்த வேண்டியது நடு வரியைத்தான். அது சரியாக இருந்தால் கீழ்வரி பெரும்பாலும் தானே சரியாகிவிடும்.

இரண்டாம் செமஸ்டரில் பின்னோக்கிப் போக வேண்டும், ஆனால் படிப்படியாக. முதல் 20 மணி நேரம் 1947க்கு முந்தைய அச்சு நூல்களுக்கு. அந்த ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்தில் பல சொற்களின் இறுதியில் இருந்த சி, எச் எழுத்துகள் நீக்கப்பட்டன. பழைய வேற்றுமை உருபுகளும் பெரும்பாலும் போயின. இன்றைய கையகராதியில் பழைய வடிவம் கிடைக்காது. அதற்கு 1864 முதல் 1998 வரை வெளியான டச்சுப் பேரகராதி இணையத்தில் இலவசமாக இருக்கிறது. அதில் தலைச்சொற்கள் 19ஆம் நூற்றாண்டு எழுத்து முறையில் உள்ளதால், அங்கே பழைய வடிவத்திலும் தேடிப் பார்க்க வேண்டும். இதைச் சொல்லித் தராவிட்டால் மாணவர்கள் அகராதியில் சொல் இல்லை என்று விட்டுவிடுவார்கள்.

மீதி 40 மணி நேரம் 17ஆம் நூற்றாண்டுக்கு. இங்கே கையெழுத்தில் தொடங்கினால் மூன்றாவது வாரத்தில் வகுப்பு காலியாகிவிடும். அச்சிட்ட பதிப்புகளில் தொடங்குவதே முறை. பட்டாவியாக் கோட்டையின் நாட்குறிப்பு 1624 முதல் 1682 வரையிலான ஆண்டுகளுக்கு அச்சில் இருக்கிறது. பழவேற்காட்டில் 1632 முதல் 1642 வரை பாதிரியாராக இருந்த ஆபிரகாம் ரொஹேரியஸ், பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டு எழுதிய நூல் 1651ல் லெய்டனில் வெளியானது. அதைக் காலண்ட் என்ற வடமொழி அறிஞர் 1915ல் மறுபதிப்பாகத் தந்திருக்கிறார். நம் கோயில், திருமணம், நோன்பு பற்றிய செய்திகள் என்பதால் பொருள் முன்பே தெரிந்திருக்கும், மொழியில் மட்டும் கவனம் வைக்கலாம். இதைவிடப் பொருத்தமான முதல் பாடநூல் வேறில்லை என்பது எங்கள் எண்ணம். பழவேற்காட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும் உள்ள டச்சுக் கல்லறைகளுக்கு ஒரு நாள் அழைத்துப்போவதும் நல்ல பாடம். பெரிய எழுத்தில் தெளிவாகச் செதுக்கிய கற்கள் அவை. 'இங்கே அடக்கம் செய்யப்பட்டிருப்பவர்' என்று தொடங்கி, பதவி, யாருடைய மனைவி, பிறந்த நாள், இறந்த நாள், வயது என்று ஒரே அமைப்பில் வருவதால் நாலாவது கல்லை மாணவர்கள் தாங்களே படித்துவிடுவார்கள்.

பழைய டச்சில் எங்கெல்லாம் சறுக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். இன்றைய மொழியில் 'என்' என்றால் 'உம்'. 17ஆம் நூற்றாண்டில் அதற்கு 'என்ட' என்று நீட்டி எழுதுவது வழக்கம். வினைக்கு முன்னால் வரும் வெறும் 'என்' பல இடங்களில் எதிர்மறை. அதன் துணையான 'நீட்' தள்ளி நிற்கும். இதைக் கவனிக்காதவர் 'கொடுக்கவில்லை' என்பதைக் 'கொடுத்தார்' என்று எழுதிவிடுவார். தேதிகளில் 8 என்ற எண்ணுக்குப் பின்னால் 'பெர்' என்று இருந்தால் அது அக்டோபர், ஆகஸ்ட் அல்ல. 7 செப்டம்பர், 9 நவம்பர், 10 டிசம்பர். இன்னொன்று, டச்சுக் கம்பெனி புதிய (கிரெகோரியன்) நாட்காட்டியைப் பின்பற்றியது. சென்னைக் கோட்டையில் இருந்த ஆங்கிலேயர் 1752 வரை பழைய நாட்காட்டியையே வைத்திருந்தனர். 17ஆம் நூற்றாண்டில் இரண்டுக்கும் 10 நாள் வித்தியாசம். இரு ஆவணங்களையும் ஒப்பிடும்போது இதைக் கழிக்காவிட்டால், படை புறப்படும் முன்பே ஊர் விழுந்ததாகக் கணக்கு வரும். பணக் கணக்கில் ஒரு கில்டர் 20 ஸ்டாய்வர், ஒரு ஸ்டாய்வர் 16 பென்னிங். மூன்று பத்தியாக எழுதியிருப்பார்கள். தசமக் கணக்காகக் கூட்டக் கூடாது. 'பகோட' என்ற சொல் கோயிலையும் குறிக்கும், வராகன் நாணயத்தையும் குறிக்கும்.

எல்லாவற்றையும்விடத் தமிழருக்கு முக்கியமானது 'மலபார்' என்ற சொல். சோழமண்டலத்திலும் இலங்கையிலும் எழுதப்பட்ட டச்சு ஆவணங்களில் மலபார் மொழி என்றால் தமிழ், மலபார்க்காரர் என்றால் தமிழர். இடமாகச் சொல்லும்போது மட்டுமே கேரளக் கரை. 1672ல் வெளியான டச்சுப் பாதிரியார் பால்டேயஸின் நூலில் மலபார் மொழி என்ற பெயரில் அச்சிட்டிருப்பது நம் தமிழ் எழுத்துகளைத்தான். இது தெரியாமல் தேடுபவர்கள் தமிழர் பற்றிய சான்றுகளைக் கேரளக் கணக்கில் விட்டுவிட்டுப் போவார்கள்.

தமிழ் வழிக் கல்விக்கு இன்னொரு வலுவான காரணம் இருக்கிறது. டச்சில் 'ஸௌ' என்ற துணைவினை ஒன்று உண்டு, பழைய எழுத்தில் 'ஸௌட'. கேள்விப்பட்ட செய்தியை, தான் பொறுப்பேற்காமல் சொல்வதற்கு அதைப் பயன்படுத்துவார்கள். 'அரசர் இறந்துவிட்டாராம்' என்பதில் உள்ள 'ஆம்' அதேதான். கடற்கரைக் கிடங்கில் உட்கார்ந்துகொண்டு வேலூர்ச் செய்தியை எழுதியவர்கள் பக்கத்துக்குப் பக்கம் இந்த வினையைப் போட்டிருக்கிறார்கள். வந்தது தூதர் சொன்ன செய்தியோ சந்தைப் பேச்சோ, தாங்கள் கண்டதல்ல என்று எச்சரிக்கையாகக் குறிக்கிறார்கள். அதே சொல்லுக்கு 'செய்வேன் என்றான்', 'செய்திருப்பான்' போன்ற பொருள்களும் உண்டு என்பதால் ஆங்கில மொழிபெயர்ப்பில் இது தேய்ந்துபோய், வதந்தி வரலாறாகிவிடுகிறது. 'ஆம்' போட்டு மொழிபெயர்க்கப் பழகிய மாணவர் அந்தத் தவறைச் செய்யமாட்டார்.

கைபேசியே மொழிபெயர்த்துத் தருகிறதே என்று கேட்பவர்களுக்கும் இதுதான் எங்கள் பதில். இன்றைய டச்சுச் செய்தியை எந்திரம் நன்றாகவே மொழிபெயர்க்கும். பழைய கையெழுத்தில் முதலில் எழுத்தை அடையாளம் காண்பதிலேயே பிழை வரும். நீண்ட வடிவில் எழுதிய எஸ் (s) எஃப் (f) ஆகும், 'என்' (n) என்ற எழுத்து யு (u) ஆகும். அந்தப் பிழையோடு சேர்த்து மொழிபெயர்ப்பு எந்திரம் சரளமான ஒரு வாக்கியத்தைத் தயாரித்துக் கொடுத்துவிடும். சரளமாக இருப்பதால் சந்தேகமே வராது. மூலப் படத்தையும் அச்செழுத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடத் தெரிந்தவர் கையில்தான் எந்திரம் உதவும். தேடும்போதும் ஊர்ப்பெயரைப் பல விதமாக அடித்துப் பார்க்க வேண்டும். வேலூரை வி, டபிள்யூ இரண்டிலும், ஒற்றை எல், இரட்டை எல் இரண்டிலும், இறுதி ஒலியை ஓ-யு என்றும் ஓ-இ என்றும் தேட வேண்டும். ஒரு பக்கம் சிதைந்திருந்தால் தேடலை அதோடு விடவும் கூடாது. கம்பெனியின் ஆமஸ்டர்டாம் கிளைக்கு ஒரு படியும் ஸேலண்ட் கிளைக்கு ஒரு படியும் அனுப்புவது வழக்கம் என்பதால் மற்றொன்றில் அந்தப் பக்கம் நல்ல நிலையில் இருக்கக்கூடும்.

வரலாற்றுக்கு வெளியிலும் பயன் உண்டு. ராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பையும் சுமத்ராவில் கிடைத்த தமிழ் வணிகக் குழுக் கல்வெட்டையும் ஆராய்பவர் டச்சு அறிஞர்களின் எழுத்தைத் தாண்டிப் போக முடியாது. குரோம் 1926ல் எழுதிய இந்து-ஜாவா வரலாறு டச்சில் உள்ளது. தத்துவ அறிஞர் ஸ்பினோசாவின் ஆரம்பகால நூல் ஒன்று டச்சு வடிவில் மட்டுமே கிடைத்திருக்கிறது. நம் மாவட்டத்தில் பள்ளியும் மருத்துவமனையும் கட்டிய ஆற்காடு மிஷனை அனுப்பிய அமெரிக்கத் திருச்சபையின் பெயரிலேயே 1867 வரை டச்சு என்ற சொல் இருந்தது. அதன் இறையியல் வேர்களைத் தேடும் சமயவியல் மாணவருக்கும் இந்த மொழி வேண்டும்.

ஆசிரியர் எங்கே கிடைப்பார் என்பது நியாயமான கேள்வி. நெதர்லாந்தும் பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியும் 1980ல் சேர்ந்து அமைத்த டச்சு மொழி ஒன்றியம் வெளிநாடுகளில் டச்சு கற்பிக்கும் பல்கலைக்கழகங்களுக்கு உதவுகிறது. லெய்டன் பல்கலைக்கழகம் ஆசிய மாணவர்களுக்கு டச்சும் பழைய கையெழுத்தும் சேர்த்துக் கற்பித்து அனுபவம் பெற்றது. சேர்க்காட்டிலுள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகம் இந்த இரண்டுக்கும் எழுதி, வரலாற்றுத் துறை இளம் ஆசிரியர் இருவரை ஓராண்டுப் பயிற்சிக்கு அனுப்பலாம். ஒருவரை மட்டும் அனுப்பினால் அவர் வேறு வேலைக்குப் போகும் நாளில் பாடமும் நின்றுவிடும், ஆகவே இருவர். அவர்கள் திரும்பும்வரை எழும்பூர்க் காப்பகத்துக்கு முதுகலை மாணவர்களை ஒருமுறையாவது அழைத்துப்போய் அந்தத் தொகுதிகளைக் கண்ணால் காட்டலாம்.

தேர்வு முறையையும் இப்போதே சரியாக வைத்துவிட வேண்டும். இலக்கண விதியை எழுது, பத்து வினைகளை அடுக்கு என்று கேள்வி வந்தால் மாணவர்கள் கைடு வாங்கி மனப்பாடம் செய்து தேறிவிடுவார்கள், ஒரு வரியும் படிக்கத் தெரியாது. மூன்று மணி நேரம், அகராதிக்கு அனுமதி, இதுவரை வகுப்பில் பார்க்காத 250 சொல் கொண்ட ஒரு பகுதி, அதற்குத் தமிழ் மொழிபெயர்ப்பு. மதிப்பெண்ணில் பாதி வினைக்கும் எதிர்மறைக்கும் 'ஆம்' வர வேண்டிய இடத்தில் வந்ததற்கும் போக வேண்டும். முதல் செமஸ்டருக்கு இன்றைய டச்சு, இரண்டாவதற்கு பட்டாவியா நாட்குறிப்பிலிருந்து சோழமண்டலம் பற்றிய ஒரு பத்தி. இந்த மாதிரியில் ஒரு வினாத்தாள் தயாரித்துப் பாடத்திட்டக் குழுவுக்குக் கொடுக்க நாங்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
வரலாற்று ஆசிரியர்கள் சிலர்,
வேலூர்.